தேடினால் வராத பொம்மை: சேகரிப்புத் தரவுத்தளத்தின் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

பொம்மை சேகரிப்பவர்களுக்காக இணையத்தில் ஒரு தேடல் தளம் கட்டுவது, முதல் இருநூறு பதிவுகள் வரை சுகமான வேலை. எது எங்கே இருக்கிறது என்று கட்டியவருக்கே மனப்பாடமாக இருக்கும். ஆயிரத்தைத் தாண்டி, நான்கு பேர் பதிவு சேர்க்கத் தொடங்கியதும் புகார்கள் வரும். "நான்தான் ஏத்தினேன், தேடினா வரலை" என்பார் ஒருவர். "கார் கேட்டா குருவி வருது" என்பார் இன்னொருவர். (இது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. கீழே வருகிறது.)

ஒரு சிறு சேகரிப்பாளர் குழுவுக்காக நான் கட்டிய தளத்தில் பட்ட பாடுகளை வைத்து இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போய்விடுங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன் இரண்டு வேலை. முதலில், தரவுத்தளத்தின் நகல் ஒன்றை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அப்புறம், கோளாறு காட்டும் ஒரே ஒரு பதிவைத் தேர்ந்தெடுத்து, தேடல் பெட்டி வழியாகப் போகாமல் நேரே அட்டவணையில் திறந்து பாருங்கள். அங்கே பதிவு ஒழுங்காக இருந்தால் தேடலில் கோளாறு. பதிவே கோணலாக இருந்தால் தேடலை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. பெரும்பாலும் எனக்கு நேர்ந்தது இரண்டாவதுதான்.

அறிகுறி: பதிவு இருக்கிறது, தேடினால் வரவில்லை

தமிழில் பெயர்களைப் பதிகிறீர்கள் என்றால் முதல் சந்தேகம் எழுத்துகள் மீது விழட்டும். "பொம்மை" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒருவர் கைப்பேசியில் தட்டியதும் இன்னொருவர் பழைய கோப்பிலிருந்து ஒட்டியதும் இப்படிப் பிரிந்து நிற்கும். இதற்கு யூனிகோட் இயல்பாக்கம் என்ற வழி இருக்கிறது: ஒரே எழுத்தின் வேறு வேறு சேமிப்பு வடிவங்களை ஒரே வடிவமாக்குவது. ஏறக்குறைய எல்லா நிரல்மொழிகளிலும் அதற்கான செயற்கூறு உண்டு. சேமிக்கும்போது ஒருமுறை, தேடல் சொல் வரும்போது ஒருமுறை, இரண்டு இடத்திலும் ஒரே இயல்பாக்கத்தை ஓட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

இயல்பாக்கம் தொடாத பிழை ஒன்றும் உண்டு. "கௌபாய்" பொம்மையைப் பலர் "கெளபாய்" என்று தட்டுவார்கள், அதாவது கெ போட்டு ள போடுவார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. யூனிகோட் விதிப்படி இவை உண்மையிலேயே வேறு எழுத்துகள், அதனால் இயல்பாக்கம் கைவைக்காது. ஆனால் கண்மூடித்தனமாக எல்லா இடத்திலும் மாற்றிவிடாதீர்கள்: "கெளுத்தி" என்ற மீனும் பொம்மையாக வரலாம். எனவே ஒரு சிறு திருத்தப் பட்டியல் வைத்து, சொல் சொல்லாகத் திருத்துவதுதான் பாதுகாப்பு.

இது சரியாக இருந்தும் வரவில்லையா? கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைத் தேடுங்கள். வேறு பக்கத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் அகலமே இல்லாத இணைப்புக் குறிகளும், காலி இடம் போலத் தெரிந்தாலும் காலி இடமல்லாத ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரும். பதிவின் பெயரில் எத்தனை எழுத்துக் குறியீடுகள் இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் கையால் தட்டிய அதே பெயரையும் எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் ஆள் பிடிபட்டான்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். மேட்ச்பாக்ஸ் என்ற பொம்மைக் கார் பிராண்டின் பெயரே மேட்ச்பாக்ஸ், மாட்ச்பாக்ஸ், மேட்ச் பாக்ஸ் என்று மூன்று விதமாக ஒரே வாரத்தில் வந்து சேரும். இதற்கு மாற்றுப்பெயர் அட்டவணை ஒன்று தனியாக வேண்டும்: ஒரு நிரலில் (நெடுவரிசையில்) மக்கள் தட்டும் வடிவம், மறு நிரலில் நீங்கள் நிலைநிறுத்திய வடிவம். ஒலியை வைத்துத் தானாகக் கண்டுபிடிக்கும் தந்திரங்களை நானும் முயன்று பார்த்தேன். பெயர்ச்சொற்களுக்குக் கைப்பட்டியலே மேல். எதுவும் கிடைக்காமல் தோற்ற தேடல்களைத் தனியாகப் பதிவு செய்து வாரம் ஒருமுறை படியுங்கள். பட்டியல் தானாகவே வளரும்.

கடைசியாக, குட்டிச் சொற்கள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் முழு உரைத் தேடல் குறிப்பிட்ட நீளத்துக்குக் கீழான சொற்களைக் கணக்கிலேயே எடுக்காது. அதன் அட்டவணைகளில் இன்னோடிபி, மைஐசாம் என்று இரு சேமிப்பு வகைகள் உண்டு; இன்னோடிபியில் அந்த எல்லை இயல்பாக 3 எழுத்து, மைஐசாமில் 4. ஆகவே "மேட்ச்பாக்ஸ் 5" என்று தேடுபவருக்கு அந்த 5 காற்றில் போய்விடும். எல்லையைக் குறைக்கலாம். அப்படிச் செய்தால் சேவையகத்தை மறுதொடக்கம் செய்து, தேடல் அட்டவணையையும் புதிதாகக் கட்ட வேண்டும். பலர் இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டு "மாத்தினேன், ஒண்ணும் நடக்கலை" என்பார்கள். எண்களை முழு உரைத் தேடலுக்கு அனுப்பாமல் எண் புலத்தில் தனியாகத் தேட வைப்பதுதான் என் தேர்வு.

அறிகுறி: கார் கேட்டால் குருவி வருகிறது

இது எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தின் முழு உரைத் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5-ஐ அப்படியே எடுத்துத் தமிழுக்குப் பயன்படுத்துபவர்களுக்கு நேர்வது. அதன் இயல்பான சொல்பிரிப்பான் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்ளும். தமிழின் காலும் கொம்பும் புள்ளியும் யூனிகோட் கணக்கில் "குறிகள்" என்ற வகை. அவை வரும் இடமெல்லாம் சொல் முடிந்துவிட்டது என்று வெட்டிவிடும். ஆக "கார்" என்பது க, ர என்று இரண்டு துண்டாகும். "குருவி" க, ர, வ என்று மூன்று துண்டாகும். க-வுக்குப் பிறகு ர வருகிறதா என்று பார்த்தால், வருகிறது. கீரிப்பிள்ளை பொம்மை இருந்தால் அதுவும் கூடவே வரும்.

தீர்வு ஒரே வரிதான். அட்டவணையை உருவாக்கும்போது, சொல்பிரிப்பானின் வகைப்பட்டியலில் Mn, Mc என்ற அந்தக் குறி வகைகள் இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். இருக்கும் அட்டவணையில் பின்னால் சேர்க்க முடியாது; தேடல் அட்டவணையை அழித்துப் புதிதாகக் கட்டி நிரப்ப வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு வேறொரு வசதி: 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கான வேர்ச்சொல் வெட்டி அதிலேயே வருகிறது. "வண்டிகள்" என்று தேடினால் "வண்டி" கிடைக்க அது உதவும். ஆனால் மாடல் பெயர்கள் மீது அதை ஏவாதீர்கள். விளக்கப் புலத்துக்கு வேர்ச்சொல், பெயர்ப் புலத்துக்கு உள்ளது உள்ளபடி என்று பிரித்து வையுங்கள்.

சம்பந்தமில்லாதவை வருவதற்குக் குறிப்புப் புலமும் காரணமாகலாம். ஹாட் வீல்ஸ் இன்னொரு பொம்மைக் கார் பிராண்ட். "ஹாட் வீல்ஸ் மாதிரி இருக்கும், ஆனால் ஹாட் வீல்ஸ் இல்லை" என்று யாரோ அன்போடு எழுதி வைத்திருப்பார்கள். தேடலுக்கு அந்த "இல்லை" புரியாது. பெயரில் கிடைத்தால் அதிக மதிப்பு, குறிப்பில் கிடைத்தால் குறைந்த மதிப்பு என்று எடை கொடுங்கள்.

அறிகுறி: பட்டியல் எண்கள் தேய்ந்தோ தேதியாக மாறியோ வருகின்றன

தரவுத்தளத்தை நோண்டாதீர்கள், எக்செல் கோப்பைப் பாருங்கள். 0412 என்ற எண்ணின் முன்சுழியம் போயிருந்தால், 3-1 என்ற எண் ஜனவரியோ மார்ச்சோ ஆகியிருந்தால், 13 இலக்கப் பார்கோடு அறிவியல் குறிமுறையில் சுருங்கியிருந்தால், அது விரிதாள் செய்த வேலை. மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களையே எக்செல் தேதியாக்கிக்கொண்டிருந்ததால் பெயர்க்குழு அவற்றை மாற்றி 2020-இல் விதிமுறை வெளியிட்டது. நாம் எம்மாத்திரம்?

கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், இறக்குமதி வழியாக, அந்த நிரலை "உரை" என்று அறிவித்துத் திறங்கள். தரவுத்தளத்திலும் பட்டியல் எண் புலம் உரை வகையாகவே இருக்கட்டும். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது எண் இல்லை. ஏற்கெனவே போன சுழியங்களை ஊகித்து ஒட்ட வேண்டாம். மூலக் கோப்பிலிருந்து மீண்டும் ஏற்றுங்கள்.

பார்கோடு பற்றி இன்னொன்று. அமெரிக்கப் பெட்டிகளில் வரும் 12 இலக்க வடிவமும், மற்ற இடங்களின் 13 இலக்க வடிவமும் அண்ணன் தம்பிகள்: 12-இன் முன்னால் ஒரு சுழியம் போட்டால் 13. எல்லாவற்றையும் 13-ஆக்கிச் சேமித்தால் வருடியில் வருவது எதுவானாலும் பொருந்தும். ஆனால் பார்கோடை ஒரு பொம்மையின் தனி அடையாளமாக வைத்துவிடாதீர்கள். ஒரே பெட்டியில் கலந்து வரும் சிறு கார்கள் பலவற்றுக்கு ஒரே பார்கோடு அச்சாகியிருக்கும்.

அறிகுறி: ஒரே பொம்மை மூன்று முறை வருகிறது, அல்லது இரண்டு வேறு பொம்மைகள் ஒன்றாகிவிட்டன

இங்கேதான் நான் அதிக நாள் செலவழித்தேன். எதிரெதிர்ப் புகார்கள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: பட்டியல் எண்ணை அடையாளமாக நம்பியது.

மேட்ச்பாக்ஸ் 1953-இல் தொடங்கிய வரிசை பிறகு 1 முதல் 75 வரையிலான எண்களில் நிலைபெற்றது. புது மாடல் வந்தால் பழையது விலகும்; அதன் எண்ணைப் புதியது எடுத்துக்கொள்ளும். அதனால் 5 என்ற எண் ஒரு காரை மட்டும் குறிப்பதில்லை. லண்டன் பேருந்தே அந்த எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் வந்தது. சேகரிப்பாளர்கள் எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து சேர்த்துச் சமாளிக்கிறார்கள். எண்ணை அடையாளமாக வைத்த தரவுத்தளம் இவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிவிடும்.

மறுபக்கம், லெகோவின் 1979-ஆம் ஆண்டு கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் விண்கலம். அமெரிக்காவில் அதன் எண் 497, ஐரோப்பாவில் 928. பெட்டிக்குள் இருப்பது ஒன்றே. எண்ணை நம்பினால் இது இரண்டாகப் பிரியும்.

ஆகவே அடையாளம் உங்கள் தரவுத்தளமே கொடுக்கும் அர்த்தமற்ற எண்ணாக இருக்க வேண்டும். பட்டியல் எண்கள் தனி அட்டவணையில், "இந்த வெளியீட்டுக்கு, இந்தச் சந்தையில், இந்த எண்" என்று எத்தனை வேண்டுமானாலும் தொங்கட்டும்.

அது மட்டும் போதாது. என் முதல் வடிவத்தில் ஒரு காரின் பெயர், நிறம், நான் வாங்கிய விலை, இடது கதவில் உள்ள கீறல் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. இன்னொருவர் அதே காரை வைத்திருந்தார். அவர் புது வரி சேர்த்தார். மூன்றாமவரும் சேர்த்தார். நகல் பதிவுகள் என்று நினைத்து ஒருநாள் இரண்டை நீக்கினேன்; அவர்களுடைய கீறல் குறிப்பும் விலையும் அதோடு போயின. மன்னிப்புக் கேட்டு, காப்பு நகலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று அடுக்காகப் பிரியுங்கள். மேலே மாடல்: எந்த அச்சில் வார்த்தது. நடுவே வெளியீடு: அந்த அச்சு எந்த நிறத்தில், எந்தச் சக்கரத்தோடு, எந்த ஆண்டு வந்தது. கீழே பிரதி: ஒருவர் கையில் இருக்கும் அந்த ஒரு பொருள், அதன் கீறல், விலை, படம். எது எங்கே போகும் என்று சண்டை வரும்போது இந்தக் கேள்வி போதும்: வித்தியாசம் தொழிற்சாலையில் நடந்ததா, வெளியே வந்த பிறகு நடந்ததா? தொழிற்சாலையில் என்றால் வெளியீடு. சிறுவன் ஒருவன் சக்கரத்துக்குப் பச்சை அடித்திருந்தால் அது பிரதி, எவ்வளவு நேர்த்தியாக அடித்திருந்தாலும். நிறம் வெயிலில் வெளுத்ததைப் புது நிறம் என்று ஏற்றுபவர்களுக்கும் இதே பதில்தான்.

அட்டை, பெட்டி விஷயம் சேகரிப்பைப் பொறுத்தது. சிறு கார்களுக்கு அது ஒரு புலமே போதும். கென்னர் என்ற நிறுவனம் செய்த ஸ்டார் வார்ஸ் திரைப்பட உருவங்கள் என்றால் அட்டைக்குத் தனி அட்டவணை வேண்டும். அந்த உலகில் அட்டையின் பின்புறத்தில் எத்தனை உருவங்கள் அச்சாகியிருக்கின்றன என்பதை வைத்தே ரகம் பிரிக்கிறார்கள். முதலில் வந்தவை பன்னிரண்டு உருவ அட்டைகள்.

ஏற்கெனவே குழம்பிய தளத்தை மாற்றும்போது எந்த வரியையும் அழிக்காதீர்கள். பழைய வரிகள் அனைத்தையும் பிரதிகளாக மாற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு வெளியீட்டோடு இணைத்துக்கொண்டே வாருங்கள். இணைக்க முடியாதவை "இன்னும் பிரிக்கவில்லை" என்ற தலைப்பில் கிடக்கட்டும். பழைய முகவரிகள் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட வேண்டும், இல்லையென்றால் மற்றவர்கள் சேமித்து வைத்த இணைப்புகளெல்லாம் செத்துப்போகும்.

அறிகுறி: ஆண்டு வடிகட்டி பொய் சொல்கிறது

1960-களின் பார்பி என்று வடிகட்டினால் பளபளக்கும் 1980-களின் உடுப்போடு பொம்மைகள் வருகின்றனவா? பதிந்தவர் முதுகுப்பக்கம் பொறித்திருக்கும் 1966-ஐப் பார்த்து ஏற்றியிருக்கிறார். அது அந்த உடலச்சுக்கான உரிமை ஆண்டு. அதே அச்சு பல ஆண்டுகள் ஓடியது. அதே எண்ணோடு பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன. ஹாட் வீல்ஸ் காரின் அடித்தட்டில் உள்ள ஆண்டும் இப்படித்தான்: அச்சு எப்போது உருவானது என்று சொல்லுமே தவிர, இந்தக் கார் எப்போது கடைக்கு வந்தது என்று சொல்லாது. கென்னர் உருவங்களில் 1977 என்று பொறித்திருக்கும், ஆனால் பொம்மைகள் மக்கள் கைக்கு வந்தது 1978-இல். அந்த 1977 கிறிஸ்துமஸுக்கு அவர்கள் விற்றது அட்டை உறையும், பொம்மையைப் பின்னர் அஞ்சலில் அனுப்புவோம் என்ற சான்றிதழும்தான்.

எனவே "ஆண்டு" என்று ஒற்றைப் புலம் வைக்கக்கூடாது. "பொறித்துள்ள ஆண்டு" ஒன்று, "வெளியான ஆண்டு: இதிலிருந்து", "இதுவரை" என்று இரண்டு, ஆக மூன்று. முதலாவதைக் கையில் பொம்மை இருக்கும் யாரும் நிரப்பலாம். மற்ற இரண்டுக்கும் சான்று வேண்டும்: தேதியிட்ட நிறுவனப் பட்டியலோ, பழைய விளம்பரமோ, எதுவோ. சான்றில்லை என்றால் காலியாக விடச் சொல்லுங்கள். "சுமார் 1970" என்று உரையாக எழுத விட்டால் வரிசைப்படுத்தல் அங்கேயே படுத்துவிடும். 1968 முதல் 1972 வரை என்று எல்லைகளாக வாங்குங்கள்.

தயாரிப்பாளர் வடிகட்டியிலும் இதே நோய் உண்டு. மேட்ச்பாக்ஸ் என்பது பிராண்ட். அதைச் செய்தது லெஸ்னி. 1982-இல் லெஸ்னி நொடித்த பிறகு யுனிவர்சல், பிறகு டைகோ, 1997 முதல் மேட்டல். "மேட்டல்" என்று தேடுபவருக்கு 1950-களின் மேட்ச்பாக்ஸ் வரக்கூடாது, "லெஸ்னி" என்று தேடுபவருக்குக் கட்டாயம் வர வேண்டும். பிராண்ட் வேறு, தயாரிப்பாளர் வேறு. தயாரிப்பாளரை வெளியீட்டு அடுக்கில் வையுங்கள், மாடல் அடுக்கில் வைக்காதீர்கள்.

அறிகுறி: நிலைத் தரம் தலைகீழாக வரிசையாகிறது

சேகரிப்பாளர்கள் நிலையைச் சி1 முதல் சி10 வரை மதிப்பிடுவார்கள். உரையாகச் சேமித்தால் சி10 என்பது சி2-க்கு முன்னால் வந்து நிற்கும், ஏனென்றால் ஒப்பீடு எழுத்து எழுத்தாக நடக்கிறது. எண்ணை மட்டும் எண் புலத்தில் வைத்து, முன்னொட்டைத் திரையில் காட்டும்போது சேருங்கள். பொம்மைக்கு ஒரு தரம், பெட்டிக்கு ஒரு தரம் என்று இரண்டு வேண்டும்.

நிறத்துக்கும் சுருக்கமாக: வடிகட்டப் பத்துப் பன்னிரண்டு நிறங்கள் கொண்ட மூடிய பட்டியல், விவரிக்கத் திறந்த புலம். "செம்மண் கலந்த ஆரஞ்சு" என்று எழுத ஆசைப்படுபவருக்கு இரண்டாவது இடம்.

அறிகுறி: படங்கள் படுத்துக்கிடக்கின்றன, பக்கம் ஊர்கிறது

கைப்பேசி படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. "இதைத் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பை உள்ளே எழுதி வைக்கிறது. நீங்கள் சிறுபடம் உருவாக்கும்போது அந்தக் குறிப்பு தொலைந்தால் படம் படுத்துவிடும். படம் ஏறியவுடன் குறிப்பைப் படித்து, படத்தை நிஜமாகவே திருப்பி, பிறகு சிறுபடம் எடுங்கள். தேடல் முடிவுகளில் சிறுபடம் மட்டும் போதும். முழுப்படத்தை அங்கே இறக்கிவிட்டுப் பக்கம் மெதுவாக இருக்கிறது என்று தரவுத்தளத்தைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதே குறிப்புகளில்தான் படம் எடுத்த இடத்தின் ஆயங்களும் (அட்சரேகை, தீர்க்கரேகை) இருக்கலாம். விலை உயர்ந்த சேகரிப்பின் படத்தோடு வீட்டு இருப்பிடத்தையும் சேர்த்து வெளியிடுவது திருடனுக்கு வழிகாட்டுவது. வெளியே போகும் ஒவ்வொரு படத்திலும் அந்தத் தகவலை நீக்குங்கள். இதை யாரும் புகாராகச் சொல்ல மாட்டார்கள், அதனால் நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். சிறுபடங்களையும் பாருங்கள். பழைய படங்களையும் மறக்க வேண்டாம்.

படம் இல்லாத பக்கமும் ஊர்கிறது என்றால், சொல்லின் நடுவில் தேடும் வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியைப் பாருங்கள். முன்னாலும் பின்னாலும் எதுவும் இருக்கலாம் என்று கேட்கும் தேடலுக்குச் சாதாரணக் குறியகராதி (இன்டெக்ஸ்) உதவாது. ஒவ்வொரு வரியையும் புரட்டும். போஸ்ட்கிரெஸில் மூன்று மூன்று எழுத்தாக வெட்டி வைக்கும் ட்ரைகிராம் நீட்சி இதற்கானது. அடுத்ததாக, ஐம்பது முடிவுகளைக் காட்ட ஐம்பது தடவை தனித்தனியாகப் படத்தைக் கேட்கிறதா என்று வினவல் பதிவில் எண்ணுங்கள்.

அறிகுறி: திருத்தியது தேடலில் தெரியவில்லை, அல்லது யாரோ திருத்தி நல்ல தகவல் போய்விட்டது

முதலாவது எளிது. தேடல் அட்டவணை தனியாக இருந்தால், மூல அட்டவணை மாறும்போதெல்லாம் அதுவும் மாறும்படி ட்ரிக்கர் (மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் கட்டளை) வைக்க வேண்டும். திருத்தலுக்கு மட்டும் வைத்துவிட்டு நீக்கலுக்கு வைக்க மறப்பது வழக்கம்; அப்போதுதான் சொடுக்கினால் காலிப் பக்கம் திறக்கும் பேய் முடிவுகள் வரும்.

இரண்டாவதற்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார், எப்போது என்று ஒரு வரலாற்று அட்டவணை. பிரதி அடுக்கை அதன் உரிமையாளர் மட்டும் திருத்தட்டும். மாடல், வெளியீடு இரண்டையும் எல்லாரும் திருத்தலாம், ஆனால் ஒரே சொடுக்கில் பின்வாங்க முடிய வேண்டும். நீக்குவது என்பது "மறைக்கப்பட்டது" என்று குறியிடுவது மட்டுமே. தொடக்கத்தில் எடுக்கச் சொன்ன காப்பு நகலை, இந்த அட்டவணையைச் சேர்க்கும் நாளில் ஒரு காலி இயந்திரத்தில் ஏற்றித் திறந்து பாருங்கள். என்னுடையது முதல்முறை திறந்தபோது பதிவுகள் எல்லாம் இருந்தன, படக் கோப்புறையை நகலெடுக்கவே இல்லை.